ராப் கேட்பது தவறா? நண்பரோடு வாதாடும் முன்

கேள்வி இதுதான்: நெருங்கிய நண்பர் ஒருவர் ராப் கேட்பதே ஒழுக்கக்கேடு என்கிறார். கொலை, போதை, பெண்களைக் கேவலப்படுத்தும் பேச்சு, காது கொடுத்துக் கேட்க முடியாத வசவு, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நீங்களோ அது கலை, வெறும் பாட்டு, யாரையும் கெடுக்காது என்கிறீர்கள். பேச்சு முற்றி மனக்கசப்பில் வந்து நிற்கிறது. நியாயம் யார் பக்கம்?

இருவர் பேச்சிலும் பாதி தவறு இருக்கிறது. தீர்ப்பு சொல்ல வேண்டியது ஒவ்வொரு பாட்டின் மேலும். அவர் ராப் என்ற வடிவத்தின் மேலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். நீங்கள் பாட்டால் ஒன்றும் ஆகாது என்கிறீர்கள். ராப்பை நேசிக்கிறவர்கள் சொல்லக் கூடாத வார்த்தை அது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் வடிவம். தாளத்தின் மேல் எதுகை மோனையோடு பேசுவதுதான் ராப். நான்கு தாள அடி கொண்ட ஒரு வட்டத்துக்கு பார் என்று பெயர். வழக்கமாக, நம் சரணம் போன்ற ஒரு வெர்ஸுக்கு 16 பார், நடுவில் திரும்பத் திரும்ப வரும் ஹூக்குக்கு 8 பார். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் 16 பார் ஓடி முடிய ஏறக்குறைய 43 விநாடி ஆகும். ராகத்தை இழுத்துப் பாட வேண்டியதில்லை என்பதால் அந்த 43 விநாடிக்குள் சொற்கள் குவிந்துவிடும். அமெரிக்க ராப்பர் எமினெமின் 'ராப் காட்' (2013) பாட்டில் 6 நிமிடம் 4 விநாடிக்குள் 1,560 சொற்கள் இருப்பதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. இந்த அடர்த்தி ஒரு முழுக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்ல இடம் கொடுக்கிறது. அதே அடர்த்திதான் காதில் விழும் வசவையும் கூட்டிக் காட்டுகிறது. மெல்லிசைப் பாட்டில் ஒரு கெட்ட எண்ணம் நாலு வரியில் இனிமையாக வழுக்கிக்கொண்டு போய்விடும். ராப்பில் அது நாற்பது வரிக்கு விவரமாக நிற்கும். உங்கள் நண்பரின் அருவருப்பில் ஒரு பங்கு இந்த விவரத்தால் வருவது.

பிறந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1971 டிசம்பரில் தெருக் கும்பல்கள் கூடிச் சமாதானம் பேசின. ஒரு கும்பலின் எல்லைக்குள் இன்னொரு கும்பலின் பையன் போய்வர முடியும் என்ற நிலை மெல்ல வந்தது. அதே பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க்கும் அவருடைய தங்கை சிண்டியும் நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்பார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ட்ரம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவது ஹெர்க்கின் உத்தி. அந்த நீண்ட தாளத்தின் மேல் மைக்கைப் பிடித்துப் பேசியதுதான் வளர்ந்து ராப் ஆனது. ஆடலிலும் சொல்லிலும் போட்டி போடுவது கைகலப்புக்கு ஒரு மாற்றாகவும் இருந்தது.

எதிராளியைச் சொல்லால் நார்நாராகக் கிழிக்கும் டிஸ் பாட்டுக்கு வேர் இன்னும் பழையது. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடையே மாறி மாறி வசை சொல்லும் 'டசன்ஸ்' என்ற விளையாட்டு ராப்புக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதில் கோபப்பட்டுக் கையை ஓங்குகிறவன் தோற்றவன். 'வசை பாடக் காளமேகம்' என்று ஒரு புலவரையே போற்றி வைத்திருக்கும் மொழியில் இருக்கும் நமக்கு, வசையும் கலையாகலாம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வன்முறைக்கு வருவோம். 1982இல் வந்த 'தி மெசேஜ்' பாட்டின் கடைசி வெர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை பிறக்கிறது. வளர வளர, தெருவில் பெரிய கார் ஓட்டி நோட்டை வீசும் சூதாட்டத் தரகர்களையும் ரவுடிகளையும் போதை விற்பவர்களையும் பார்த்து வியக்கிறது. தானும் அப்படியே ஆக வேண்டும் என்று நினைக்கிறது. பாட்டை இந்த இடத்தில் நிறுத்தினால், ரவுடித்தனத்துக்குக் கொடி பிடிக்கும் பாட்டு என்றுதான் யாரும் சொல்வார்கள். நிறுத்தாமல் கேளுங்கள். பள்ளியை விடுகிறான், வேலை இல்லை, வழிப்பறி, எட்டு வருடத் தண்டனை, சிறைக்குள் சீரழிவு, கடைசியில் அறைக்குள் தூக்கில் தொங்கும் உடல். வியப்பும் பிணமும் ஒரே வெர்ஸில் இருக்கின்றன. ராப்பைப் பற்றி வரும் சண்டைகளில் பெரும்பாலும் ஒருவர் அந்த வெர்ஸின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டிருப்பார், மற்றவர் பின்பாதியை.

இங்கே நம் இலக்கியத்தில் இருந்தே ஒரு சொல் உதவும்: கூற்று. அகப்பாடலில் எழுதியது கபிலராக இருக்கும், பேசுவது தலைவியாக இருக்கும். தலைவி சொன்னதைக் கபிலரின் வாக்குமூலமாக யாரும் படிப்பதில்லை. ராப்பில் 'நான்' என்று வருகிற இடமெல்லாம் பாடகரின் சொந்த வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வது இந்த அடிப்படையைத் தவறவிடுவது. இந்தத் தவறு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு கொலை முயற்சி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிவைத்திருந்த ராப் வரிகளைப் 13 பக்கத்துக்கு ஜூரிமுன் படித்துக் காட்டினார்கள். அவற்றில் பல, சம்பவத்துக்கு வெகுநாள் முன்பே எழுதியவை. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் அது தவறு என்றது. ஷெரிஃபைச் சுட்டேன் என்று பாடியதால் பாப் மார்லி யாரையும் சுட்டுவிட்டார் என்று கொள்ள மாட்டோம் அல்லவா என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. கலிபோர்னியா 2022இல் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் 'கூற்று' என்ற கேடயத்தை எல்லாவற்றுக்கும் தூக்கக் கூடாது. எமினெமின் 2000ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றே போதும் காட்ட. அதில் 'ஸ்டான்' என்று ஒரு பாட்டு. முதல் மூன்று வெர்ஸ் வெறி பிடித்த ரசிகன் பேசுவது: இரண்டு கடிதம், பிறகு கார் ஓட்டிக்கொண்டே பதிவு செய்யும் கேசட். நாலாவது வெர்ஸில் பாடகர் நிதானமாகப் பதில் எழுதுகிறார். நீ என் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்கிறார். எழுதிக்கொண்டே வரும்போது செய்தியில் பார்த்த ஒரு சாவு நினைவுக்கு வருகிறது, அது இவன்தான் என்று உறைக்கிறது. பாட்டையும் வாழ்க்கையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனின் அழிவு பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதுவது கஷ்டம். அதே ஆல்பத்தில், அப்போதைய மனைவியின் பெயரையே தலைப்பாக வைத்து, அவரைக் கொல்வதாக நடித்துக் காட்டும் பாட்டும் இருக்கிறது. அங்கே கற்பனைப் பாத்திரம் இல்லை. பெயரோடு, உயிரோடு இருக்கும் ஒரு பெண் இருக்கிறார். ஒரே ஆள், ஒரே ஆல்பம், இரண்டு வேறு தீர்ப்பு. முதல் பாட்டைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. இரண்டாவதைக் காட்டி முதலாவதைத் தூக்கி எறியவும் முடியாது.

பாட்டால் ஒன்றும் ஆகாது என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். 2017இல் லாஜிக் என்ற ராப்பர், அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் எதிர்பார்த்ததைவிட 9,915 கூடுதல் என்றும், தற்கொலைகள் 245 குறைவு என்றும் 2021இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ராப் ரசிகர்கள் பெருமையோடு சொல்கிற ஆய்வு இது. சொல்லலாம். ஆனால் ஒரு பாட்டு ஆளைப் பிழைக்க வைக்கும் என்று நம்புகிறவர், வேறொரு பாட்டு ஆளைக் கெடுக்கலாம் என்பதை மறுக்க முடியாது. பாட்டுக்குச் சக்தி உண்டென்றால் இரண்டு பக்கமும் உண்டு.

கெடுக்கும் பக்கத்துக்கு என்ன சான்று? 2003இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஐந்து சோதனைகள் நடத்தினார்கள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவுடன் பகை உணர்வும் முரட்டு எண்ணங்களும் கூடின. கேட்ட கையோடு அளந்தது அது. வீட்டுக்குப் போய் யாரையாவது அடித்தார்களா என்று அளக்கவில்லை. இன்னொன்று, முதல் சோதனையில் ஒலித்தது ராப் இல்லை, ராக். நாடளவில் பார்த்தால் நேர்க்கோடு எதுவும் கிடைக்காது. அமெரிக்காவில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2000இல் 5.5 ஆக இறங்கியது. ராப் உலகெங்கும் பரவியது அதே பத்து வருடத்தில்தான். இதனால் ராப்தான் கொலையைக் குறைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராப் பெருகினால் கொலை பெருகும் என்ற எளிய கணக்கு நிற்காது என்பதற்கு மட்டும் இது போதும்.

உங்கள் நண்பரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. 1990களில் கேரி ஃப்ரைட் என்ற உளவியலாளர், போலீஸ்காரனைச் சுட்டுக் கொல்வதைப் பற்றிய ஒரு பழைய நாட்டுப்புறப் பாணிப் பாட்டின் வரிகளை எடுத்தார். ஒரு பிரிவினரிடம் இது ராப் என்றார், வேறு பிரிவினரிடம் கன்ட்ரி என்றார். வரிகள் ஒன்றேதான். ராப் என்று நினைத்துப் படித்தவர்களுக்கு அவை அதிக ஆபத்தாகவும் அருவருப்பாகவும் தெரிந்தன. 2016இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும் அதே போக்கு. ஆகவே நண்பரிடம் கேளுங்கள்: இதே கதை வேறு இசையில் வந்தால் உங்களுக்கு இதே கோபம் வருமா? வரும் என்றால் அவருடைய அளவுகோல் நேர்மையானது, அதை மதியுங்கள். ஆனால் 'மற்ற பாட்டிலும்தானே இருக்கிறது' என்று இதைப் பதில் வெட்டாக வீசாதீர்கள். மற்ற இடத்தில் குப்பை இருப்பதால் இங்கே இருப்பது சந்தனம் ஆகிவிடாது.

அவருடைய எதிர்ப்பை அறியாமை என்றோ இனவெறி என்றோ தள்ளுவதும் தவறு. 1993இல் நியூயார்க்கின் ஹார்லெமில், அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் கால்வின் பட்ஸ் இழிவான ராப் வரிகளை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். கேசட்டுகளை நசுக்க ரோடு ரோலரே வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன சி. டெலோரஸ் டக்கர் அதே பத்தாண்டில் இசை நிறுவனங்களை எதிர்த்துப் பெரும் பிரச்சாரம் செய்தார். இருவரும் கறுப்பினத் தலைவர்கள். கோபம் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தது.

நண்பரின் வாதம் மிக வலுவாக நிற்கும் இடம், பெண்கள். இங்கே நீங்கள் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். 'நிஜத்தைத்தான் சொல்கிறோம்' என்ற சமாதானம் வன்முறைக் கதைகளில் ஓரளவு செல்லும். பெண்ணை வெறும் உடம்பாக, காசு எறிந்து வாங்கும் பண்டமாக நிறுத்தும் பாட்டில் அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே சொல்லப்படுவது நிஜம் இல்லை, ஆணின் ஆசை. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில், கறுப்பினப் பெண்கள் படிக்கும் கல்லூரி அது, நெல்லி என்ற ராப்பரின் வீடியோ ஒன்றை மாணவிகள் எதிர்த்து நின்றார்கள். அவர் அங்கே எலும்பு மஜ்ஜை தானம் சேகரிக்கும் முகாம் நடத்த இருந்தார். நல்ல காரியம்தான், ஆனால் வீடியோவைப் பற்றி எங்களோடு பேசுங்கள் என்றார்கள் மாணவிகள். அவர் நடத்த இருந்த முகாம் நடக்கவில்லை. அந்த மாணவிகள் ராப்பின் எதிரிகள் இல்லை. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. ராப்புக்குள்ளேயே குயின் லதீஃபா 1993இல் தெருவில் பெண்ணைச் சீண்டுவதையும், வீட்டில் அடிப்பதையும், பெண்ணை நாய்ப் பெயர் சொல்லி அழைப்பதையும் நேருக்கு நேர் கேட்டுப் பாடினார். அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது.

பாலுறவைப் பற்றிப் பேசுவது வேறு, இழிவுபடுத்துவது வேறு என்பதையும் பிரிக்க வேண்டும். 2006இல் அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள 1,461 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. இழிவுபடுத்தும் பாலியல் வரிகளை அதிகம் கேட்டவர்கள் சீக்கிரமே உடலுறவில் இறங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இழிவில்லாத பாலியல் வரிகளுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. இசையின் வகையை வைத்து அவர்கள் பிரிக்கவில்லை, வரியின் தன்மையை வைத்துப் பிரித்தார்கள். நீங்களும் அப்படியே பிரியுங்கள்.

கெட்ட வார்த்தை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சொல் யார் வாயில், யாரைப் பார்த்து வருகிறது என்பதில்தான் அதன் விஷம். பலரும் ஏமாறுவது, கெட்ட வார்த்தை உண்டு என்று எச்சரிக்கும் 'எக்ஸ்ப்ளிசிட்' முத்திரையில். 1985இல் அமெரிக்க செனட்டில் நடந்த விசாரணையை ஒட்டி வந்த எச்சரிக்கை அது. இசை நிறுவனங்கள் தாங்களே ஒட்டிக்கொள்வது. அரசுத் தணிக்கை கிடையாது. கொலையைக் கண்டிக்கும் பாட்டில் இரண்டு வசவு இருந்தால் முத்திரை விழும். போதை விற்பனையைக் குழூஉக்குறியில் புகழ்ந்து, வசவே இல்லாமல் பாடினால் முத்திரை இல்லாமலே தப்பலாம். 'க்ளீன்' பதிப்பும் இதே கதை: சொல்லை அமுக்குவார்கள், கதையைத் தொட மாட்டார்கள். பிள்ளைகளுக்கு க்ளீன் பதிப்பு போட்டுவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர்கள், நீக்கப்பட்டது சத்தம் மட்டும்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

சரி, நண்பரோடு உட்கார்ந்து எப்படித்தான் பேசுவது? ராப் நல்லதா கெட்டதா என்று பேசவே பேசாதீர்கள். பேச்சு நகராது, நீங்கள் உங்கள் பட்டியலிலேயே சிறந்ததை எடுத்து நீட்டுவீர்கள், அவர் தான் கேட்டதிலேயே மோசமானதை. மூன்று பாட்டு எடுங்கள். ஒன்று அவர் தேர்ந்தெடுத்தது, அவருக்கு மிகவும் எரிச்சல் மூட்டியது. ஒன்று நீங்கள் உயர்வாக நினைப்பது. மூன்றாவது, நீங்கள் நிஜமாகவே அடிக்கடி கேட்பது. முக்கியமானது மூன்றாவதுதான். ராப்பர் கென்ட்ரிக் லமாருக்கு 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே, ஹெட்போனில் நாள் முழுக்க வேறெதையோ ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

முதலில் பீட், அதாவது பின்னணித் தாளம், இல்லாமல் வரிகளை மட்டும் படியுங்கள். நல்ல பீட் எதையும் தலையாட்ட வைக்கும். படிக்கும்போதுதான் சொன்னது என்ன என்று தெரியும். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் கேட்டு எழுதிய பிழைகள் இருக்கும், பாட்டு வரிகளைத் தொகுக்கும் ஜீனியஸ் தளத்தின் விளக்கங்கள் பல ரசிகர்கள் எழுதியவை, ஆகவே சந்தேகமான வரியை ஒலியோடு ஒப்பிடுங்கள். பிறகு கேளுங்கள்: பேசுவது யார்? யாரிடம்? கதைக்குள் விலை கொடுப்பது யார், அந்த வலி நமக்குக் கேட்கிறதா? கடைசி வெர்ஸ் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது?

ஹூக்கைத் தனியாகப் பாருங்கள். பாட்டில் மூன்று நான்கு முறை வருவதும் மறுநாள் வாயில் முணுமுணுப்பதும் அதுதான். வெர்ஸ் ஒன்று சொல்ல, ஹூக் வேறொன்று சொன்னால் கேட்பவர் ஹூக்கோடு போய்விடுவார். லமாரின் 'ஸ்விம்மிங் பூல்ஸ்' (2012) குடும்பத்தில் ஓடும் குடிப்பழக்கத்தையும், குடி குடி என்று நெருக்கும் கூட்டத்தையும் பற்றிய பாட்டு. வெர்ஸில் மனசாட்சியே குறுக்கிட்டுப் பேசும். ஹூக்கோ குடிக்கச் சொல்லும் கூட்டத்தின் குரல். விளைவு, மதுக்கூடங்களில் அதைப் போட்டு எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். பாட்டு நேர்மையானது, கேட்ட விதம் தலைகீழ். இந்த ஒரு பாட்டை இருவரும் சேர்ந்து படித்தாலே அரை மணி நேரத்துக்குப் பேச்சு இருக்கும், அது சண்டையாகவும் இராது.

இத்தனைக்குப் பிறகும் அவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லலாம். காது வழியாகப் போவது மனதில் தங்கும் என்பது அவருடைய மதம் சொன்னதாக இருக்கலாம், குடித்துக் கெட்ட ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் வந்ததாக இருக்கலாம். அது அவருக்கு அவர் போட்டுக்கொண்ட வேலி. மாற்ற முயலாதீர்கள். 'சட்டம் அனுமதிக்கிறதே' என்றும் சொல்லாதீர்கள். 1990இல் ஆபாசம் என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்த டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. விற்கலாமா என்பதற்குத்தான் அது பதில், கேட்கலாமா என்பதற்கு இல்லை. அவர் வேலி உங்கள் வாசலுக்கும் சேர்த்துத்தான் என்று அவர் சொன்னால், அப்போது மறுத்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

நடைமுறையில், ஒரே காரில் போகும்போது அவர் இருந்தால் வேறு பாட்டு போடுங்கள். உங்கள் ஹெட்போனில் என்ன ஓடுகிறது என்று அவர் விசாரிக்க வேண்டாம். அறையில் சிறுவர்கள் இருந்தால் உங்கள் ரசனையை அவருக்கு நிரூபிக்கும் இடம் அது இல்லை, மூன்று நிமிடத்தில் கடைசி வெர்ஸ் வரை கவனித்துக் கேட்கும் பொறுமை எட்டு வயதுக்கு இருக்காது. மூன்றாவதாக எடுத்தீர்களே, அடிக்கடி கேட்கும் அந்தப் பாட்டு. வரிகளைப் படித்தபோது உங்களுக்கே முகம் சுளித்தது என்றால், அதை நண்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.